தானிய விலையை விடுவிப்பது எப்படி: கொள்முதல், மானியம், கையிருப்பு குறித்த முழுமையான வழிகாட்டி

திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு நகரும் நாடுகளில் துணி, சோப்பு, சைக்கிள் விலையெல்லாம் விடுவிக்கப்பட்ட பிறகும் தானிய விலை மட்டும் அமைச்சரவை மேசையை விட்டு நகராது. ஒரு முனையில் விளைவிப்பவர், மறுமுனையில் நகரத்துச் சம்பளக்காரர், நடுவில் அரசின் தானியக் கழகம். வாங்கும் விலையை ஏற்றினால் கருவூலம் கத்தும். விற்கும் விலையை ஏற்றினால் தெரு கத்தும். இரண்டையும் தொடாமல் விட்டால் யாரும் கத்த மாட்டார்கள், நடுவிலிருக்கும் பள்ளம் மட்டும் ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போகும்.

அந்தப் பள்ளத்தை யார், எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் நிரப்புவது என்பதுதான் இந்தச் சீர்திருத்தத்தின் முதல் கேள்வி. விலை எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வரும். கீழே உள்ள படிகளின் வரிசையும் இதை வைத்தே அமைந்தது. மூன்றாம் படியை முடிக்காமல் ஐந்தாம் படிக்குத் தாவிய நாடுகள் திரும்பி வந்து கூடுதல் செலவு செய்திருக்கின்றன.

படி 1: பள்ளத்தை அளப்பது

நிதிநிலை அறிக்கையில் இருக்கும் மானியத் தொகையை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. அது பெரும்பாலும் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள நேர் வித்தியாசம் மட்டுமே. ஒரு டன்னுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று போட்டுப் பார்க்க வேண்டும். நாணயத்தின் பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் 'பணம்' என்றே வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்கானவை.

கொள்முதல் விலை: 20,000
சாக்கு, எடை போடுதல், ஏற்று இறக்குக் கூலி: 800
போக்குவரத்து: 1,200
ஆறு மாதக் கிடங்குச் செலவு: 900
ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஆறு மாத வட்டி: 1,200
எடைக்கழிவு, எலி, பூச்சி, சிந்தல் (2 சதவீதம்): 400
நிர்வாகம்: 1,000
மொத்தம்: 25,500

விற்பனை விலை 14,000 என்றால் உண்மையான பள்ளம் 11,500. நிதிநிலை அறிக்கை காட்டுவது 6,000. ஆண்டுக்கு 40 லட்சம் டன் விற்கும் நாட்டில் அறிக்கையில் 2,400 கோடி இருக்கும், உண்மையில் போவது 4,600 கோடி. மிச்சம் 2,200 கோடி எங்கே? அரசு வங்கிகளில் தானியக் கழகத்தின் கடனாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கடனுக்கு வட்டி ஏறும். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவார்கள். கடைசியில் மைய வங்கி நோட்டு அச்சடித்து அடைக்கும். பணவீக்கமாக அதைக் கட்டுவது மலிவு விலைத் தானியம் வாங்கும் அதே மக்கள்தான்.

எடைக்கழிவு வரியில் தனியாகக் கண் வைக்க வேண்டும். மேலே போட்ட 2 சதவீதம் ஏற்கெனவே காய்ந்து வரும் தானியத்துக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்தில் வாங்கிய தானியம் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், ஒரு மணிகூடத் திருட்டுப் போகாமலேயே 1,000 கிலோ 965 கிலோவாகிவிடும். கழகம் காட்டும் கழிவு இதற்கு மிக மேலே இருந்தால் அது எலி அல்ல, மனிதன். இதற்குக் கீழே இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்: வாங்கும்போதே ஈரப்பதத்தைக் கூட்டி எழுதி, விளைவித்தவர் தலையில் கழிவைக் கட்டியிருப்பார்கள். எனவே கொள்முதல் மையத்தின் ஈரமானிப் பதிவையும் கிடங்கின் வெளியேற்றப் பதிவையும் அடுக்கு வாரியாக ஒப்பிடுங்கள். மாவட்டச் சராசரியை வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது.

படி 2: எல்லை விலையோடு ஒப்பிடுவது, ஆனால் சரியான மாற்று விகிதத்தில்

உள்நாட்டு விலை அதிகமா குறைவா என்பதை எல்லை விலையோடு, அதாவது நாட்டின் எல்லையில் உள்ள உலக விலையோடு வைத்துத்தான் சொல்ல முடியும். மாறிவரும் பொருளாதாரங்களில் இங்கேதான் கணக்கு சறுக்கும், ஏனென்றால் அங்கே அந்நியச் செலாவணிக்கு இரண்டு விலை இருக்கும்.

துறைமுகத்தில் ஒரு டன் 250 டாலர். அரசு விகிதம் டாலருக்கு 60 பணம், சந்தையில் 100. அரசு விகிதத்தில் 15,000, அதோடு உள்நாட்டுச் செலவு 2,000 சேர்த்தால் 17,000. நாம் 20,000 கொடுத்து வாங்குகிறோம், ஆக உழவருக்கு 3,000 சலுகை செய்கிறோம் என்று தோன்றும். சந்தை விகிதத்தில் அதே டன் 27,000. இப்போது பார்த்தால் டன்னுக்கு 7,000 பணத்தை உழவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். ஒரே மூட்டைதான், மாற்று விகிதத்தைப் பொறுத்து மானியமாகவும் வரியாகவும் தெரிகிறது. செலாவணிச் சீர்திருத்தம் வருமா, எப்போது வரும் என்று தெரியாமல் தானிய விலைக்கு இலக்கு வைப்பது வீண்வேலை.

ஏற்றுமதி செய்யும் நாடாக இருந்தால் உள்நாட்டுச் செலவைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். சில ஆண்டு ஏற்றுமதி, சில ஆண்டு இறக்குமதி என்று இருந்தால் இரண்டு எண்களும் தேவை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உள்நாட்டு விலை இயல்பாக ஆடும்.

படி 3: தானியக் கழகத்தை இரண்டாக வெட்டுவது

யாருக்கும் பிடிக்காத படி இது. பூனைக்கு மணி கட்டும் வேலை. அதனாலேயே தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்ட இடத்திலேயே மற்ற எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

ஒரே கழகம் அரசுக்காகக் கையிருப்பு வைக்கிறது, மலிவு விலையில் விநியோகிக்கிறது, கூடவே சொந்தமாக வியாபாரமும் செய்கிறது. லாபம் வந்தால் அது வியாபாரக் கணக்கு, நட்டம் வந்தால் அது கொள்கைக் கணக்கு. நல்ல விலைக்கு விற்ற மூட்டை கழகத்தின் மூட்டை, பூசணம் பிடித்த மூட்டை அரசின் மூட்டை. கிடங்கில் இரண்டுக்கும் தனி அடுக்கு இல்லாதவரை எந்தத் தணிக்கையாளராலும் இதைப் பிரிக்க முடியாது.

வெட்டும் முறை இப்படி:

அ. ஒரு குறிப்பிட்ட நாளில், புது அறுவடை வருவதற்கு முன், கிடங்குகள் காலியாக இருக்கும் மாதத்தில், எல்லாக் கிடங்குகளையும் ஒரே நேரத்தில் எடை போட வேண்டும். ஒரே நேரம் என்பது முக்கியம். வாரம் விட்டு வாரம் எண்ணினால் ஒரே லாரித் தானியம் நான்கு கிடங்குகளில் எண்ணப்படும்.

ஆ. பழைய கடனை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: அரசு சொல்லி ஏற்பட்ட நட்டம், வியாபாரத்தில் வந்த நட்டம், யார் கணக்கு என்றே தெரியாதது. முதலாவதை நிதியமைச்சகம் கடன் பத்திரமாக மாற்றி ஏற்றுக்கொள்ளட்டும். இரண்டாவது வியாபாரப் பிரிவோடு போகட்டும். மூன்றாவதுக்கு ஒரு கடைசித் தேதி வைத்து அன்று மூடிவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் புதுக் கடனும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இ. கையிருப்புக்கு ஒரு தனி அமைப்பு. அதற்கு டன்னுக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். வாங்குவது, விற்பது எப்போது என்பதை அது முடிவு செய்யக் கூடாது. சாவி ஒருவரிடம், உத்தரவு இன்னொருவரிடம் இருக்க வேண்டும்.

ஈ. மீதிக் கிடங்குகள், அரவை ஆலைகள், லாரிகள் எல்லாம் குத்தகைக்கோ ஏலத்துக்கோ போக வேண்டும். ஒரு மாவட்டத்தின் எல்லாக் கிடங்குகளையும் ஒருவருக்கே விற்றால், அரசு ஏகபோகம் போய்த் தனியார் ஏகபோகம் வந்து உட்காரும்.

இந்தப் படியைச் செய்யாமல் கட்டுப்பாட்டை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் 1998 நல்ல பாடம். பாதுகாப்பு விலையில் (அரசு உறுதியளித்த குறைந்தபட்ச விலை) உழவரின் உபரி முழுவதையும் வாங்கு, லாபத்துக்கு விற்று வா, வேளாண் வளர்ச்சி வங்கி கொள்முதலுக்குத் தரும் கடன் வேறெங்கும் போகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். உழவரிடம் நேரடியாக வாங்கும் உரிமை அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தாளில் பார்த்தால் ஓட்டையே இல்லை. ஆனால் பாதுகாப்பு விலை சந்தை விலைக்கு மேலே இருந்தது. மேல்விலைக்கு வாங்கியதை லாபத்துக்கு விற்பது எப்படி? ஒன்று, விற்காமல் கிடங்கில் அடைக்க வேண்டும். அல்லது தரம் சரியில்லை என்று சொல்லி வாங்காமல் விட்டு, தனியார் வியாபாரி மூலம் மலிவாக வாங்கி, பாதுகாப்பு விலைக்கு வாங்கியதாக எழுத வேண்டும். கையிருப்பும் நட்டமும் சேர்ந்தே வளர்ந்தன. தானியம் வாங்கி உண்ணும் கடலோர மாகாணங்களில் 2001இல் கொள்முதலைத் திறந்துவிட்டார்கள், 2004இல் நாடு முழுவதும்.

படி 4: ஈட்டுத்தொகை முதலில், விலை பிறகு

விலையை ஏற்றிவிட்டுப் பிறகு ஈடு தருகிறேன் என்று சொன்ன அரசை யாரும் நம்புவதில்லை. நம்பாததில் தப்பும் இல்லை.

தொகையைக் கணக்கிடுவது எளிது. கிலோ 14 பணத்திலிருந்து 25.50க்குப் போகிறது, வித்தியாசம் 11.50. ஆளுக்கு மாதம் 9 கிலோ, ஐந்து பேர் குடும்பத்துக்கு 45 கிலோ. மாதம் 517.50 பணம். இதை 520 என்று போடாமல் 575 அல்லது 600 என்று போடுங்கள். கழகத்தின் விலை ஏறும் அதே வாரத்தில் அரவை ஆலையும் ரொட்டிக் கடையும் தங்கள் பங்குக்கு ஏற்றும். சாப்பாட்டுக் கடையும் ஏற்றும். முதல் மூன்று மாதங்களில் குடும்பச் செலவு கணக்கைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

கடினம் யாருக்குக் கொடுப்பது என்பதில் இருக்கிறது. அரசு ஊழியர் சம்பளத்தில் சேர்த்துக் கொடுப்பது ஒரே நாள் வேலை. ஓய்வூதியக்காரர்களுக்கும் அப்படியே. சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: கட்டடக் கூலி, தெருவோர வியாபாரி, வெளியூரிலிருந்து நகரத்துக்கு வந்து இன்னும் பதிவு பெறாதவர். இவர்களையும்விட அதிகமாக மறக்கப்படுபவர்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். 'தானிய விலை ஏறினால் கிராமத்துக்கு நல்லது' என்பது பாதி உண்மை. நிலமில்லாத கூலியும், அறுவடையில் விற்றுவிட்டு ஐந்தாம் மாதம் கடையில் வாங்கும் சிறு உழவரும் தானியம் வாங்குகிறவர்கள். நகர ரேஷன் பட்டியலில் அவர்கள் பெயர் எப்போதுமே இருந்ததில்லை.

ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் விலையோடு ரொட்டி விலையையும் ஏற்றியபோது வரிசையைச் சரியாகப் பிடித்தது. பணம் முன்கூட்டியே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியும், எடுக்க முடியாது. விலை ஏறிய நாளில்தான் பூட்டுத் திறந்தது. ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால். பெரிய கலவரம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த பாதியில் அங்கே இரண்டு குறை: ஏறக்குறைய எல்லாருக்கும் கொடுத்ததால் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டியது, தொகையைப் பணவீக்கத்தோடு இணைக்காததால் சில ஆண்டுகளில் அதன் மதிப்பு கரைந்தது. உத்தரவிலேயே இரண்டு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்: ஆண்டுக்கொரு முறை தொகை எப்படித் திருத்தப்படும், யார் எப்போது பட்டியலிலிருந்து வெளியேறுவார்கள். வறியவரை மட்டும் சலித்தெடுக்கும் வேலையை முதல் நாளிலேயே முயல வேண்டாம். அகலமாகத் தொடங்கி ஓராண்டில் சுருக்குவது, குறுகத் தொடங்கி விடுபட்டவர்களைத் தெருவில் சந்திப்பதைவிட மலிவு.

படி 5: விற்பனை விலையை ஏற்றுவது

எப்போது? நல்ல அறுவடைக்குப் பிறகு, கிடங்கு நிறைந்திருக்கும்போது, திறந்த சந்தை விலைக்கும் அரசு விலைக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்போது. பஞ்ச காலத்தில் கருவூலம் காலியான பிறகுதான் அரசுகள் இதற்குத் துணிகின்றன என்பது வருத்தமான வேடிக்கை. சீனா 1979இல் கொள்முதல் விலையை 20 சதவீதம் ஏற்றியது; உழவர் அரசுக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய ஒதுக்கீட்டுக்கு மேல் தரும் தானியத்துக்குக் கூடுதல் 50 சதவீதம் கொடுத்தது. நகர விற்பனை விலையை மட்டும் தொடவில்லை. உற்பத்தி பெருகப் பெருக மானியமும் பெருகியது. 1991 மே, 1992 ஏப்ரல் என்று இரண்டே தாவலில் விற்பனை விலையைக் கொள்முதல் விலையோடு சேர்த்தார்கள். கையிருப்பு நிறைய இருந்தது, சந்தை விலை தாழ்ந்திருந்தது, சம்பளத்தில் ஈடு சேர்க்கப்பட்டது. சத்தமில்லாமல் முடிந்தது. 1993இல் ரேஷன் சீட்டே போய்விட்டது.

எத்தனை தவணை? 14,000லிருந்து 25,500க்கு 18,000, 22,000, 25,500 என்று மூன்று படி வைத்தால் ஒவ்வொன்றும் 29, 22, 16 சதவீதம். வலி குறைவாகத் தெரியும். ஆனால் பணவீக்கம் ஆண்டுக்கு 20 சதவீதமாக இருந்தால் ஓராண்டு கழித்து முழுச் செலவு 30,600 ஆகியிருக்கும். நாம் ஏறும் ஏணி சுவரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கும். தவிர, அடுத்த தவணை வருகிறது என்று அறிவித்துவிட்டால் எல்லாரும் இன்றைய விலையில் வாங்கிப் பதுக்குவார்கள். பணவீக்கம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் மூன்று தவணை சரி. இரட்டை இலக்கத்தில் இருந்தால் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

பதுக்கலுக்கு மருந்து சோதனைப் படை அல்ல, வட்டி. வியட்நாம் 1989இல் அரிசியின் இரட்டை விலையை (அரசு விலை ஒன்று, சந்தை விலை ஒன்று) நீக்கியபோது சேமிப்பு வட்டியைப் பணவீக்கத்துக்கு மேலே ஏற்றியது. மூட்டையை வீட்டில் வைப்பதைவிட விற்று வங்கியில் போடுவது லாபம் என்றானதும் பதுக்கிய அரிசி வெளியே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் பத்தாம் தீர்மானம் வந்திருந்தது. 1989லேயே அந்த நாடு பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது.

எல்லாத் தரத்துக்கும் ஒரே நாளில் மானியத்தை நீக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வசதியுள்ளவர் விரும்பாத முரட்டுத் தரத்துக்கு மட்டும் மானியத்தை வைத்துக்கொண்டால், பட்டியல் இல்லாமலேயே ஏழைகளிடம் பெரும்பங்கு போய்ச் சேரும். ஆனால் ஆலைக்காரர் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஜாம்பியா 1986 டிசம்பரில் உயர்தர மக்காச்சோள மாவின் மானியத்தை நீக்கியது, முரட்டு மாவுக்கு வைத்துக்கொண்டது. யோசனையில் பிழையில்லை. ஆனால் மானியப் பணம் தங்களுக்கு வந்து சேருமா என்ற நம்பிக்கை ஆலைகளுக்கு இல்லை. முரட்டு மாவு அரைப்பதைக் குறைத்தார்கள், கடைகளில் மலிவு மாவு காணாமல் போனது, விலை இரட்டித்த மாவு மட்டும் இருந்தது. செப்புச் சுரங்கப் பட்டணங்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின, விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. மூன்று மாத மானியத்தை ஆலைகளின் கணக்கில் முன்பணமாகப் போட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மானியத்தைச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் கட்டுவது என்பதும் இதோடு சேர்ந்தது. மாவில் கட்டினால் மாவு கள்ளச் சந்தைக்குப் போகும். விற்ற பண்டத்தில் கட்டினால் போக வழி குறைவு. எகிப்து 2014இல் இதைச் செய்தது: ரொட்டிக் கடை மாவைச் சந்தை விலைக்கு வாங்கும், அட்டை தேய்த்து விற்ற ரொட்டிக்கு மட்டும் அரசு வித்தியாசத்தைத் தரும், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து ரொட்டி. விலையைத் தொட மட்டும் அங்கே யாருக்கும் துணிவில்லை. உணவு விலையை ஏற்றியதால் வெடித்த 1977 ஜனவரிக் கலவரத்தின் நினைவு அப்படி. ஐந்து பியாஸ்தர் (எகிப்து பவுண்டின் நூறில் ஒரு பங்கு ஒரு பியாஸ்தர்) ரொட்டி முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே நின்று, 2024 ஜூனில் இருபதானது.

படி 6: கொள்முதலை விடுவிப்பது

விற்பனை விலை முழுச் செலவைத் தொட்ட பிறகுதான் இது. வரிசையை மாற்றினால், தனியார் வியாபாரி உழவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிச் சந்தையில் விற்பார், அரசுக்குக் கோட்டா (உழவர் அரசுக்குக் கட்டாயமாக விற்க வேண்டிய அளவு) நிரம்பாது, மலிவு விலை விநியோகத்துக்குத் தானியம் இருக்காது. உடனே போலீஸை வைத்துக் கோட்டாவைப் பறிப்பார்கள்.

பாதுகாப்பான வழி இரட்டைத் தடம். கோட்டாவை டன் கணக்கில் உறைய வைக்க வேண்டும். விளைச்சலில் இத்தனை சதவீதம் என்று வைக்கக் கூடாது. அதற்கு மேல் விளைவது முழுதும் சந்தை விலைக்கு. கூடுதலாக விளைவிக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சந்தை விலை கிடைப்பதால் உழவர் கணக்கில் கோட்டா ஒரு நிலையான வரி போல ஆகிவிடும். உற்பத்தி வளர வளர அதன் பங்கு தானாகச் சுருங்கும். ஆண்டுக்கு மூன்றிலொரு பங்கு குறைத்தால் மூன்றாண்டில் முடிந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அதைத் தவறவிட்டவர்கள் பலர். சீனா 1985இல் கட்டாயக் கொள்முதலை ஒப்பந்தக் கொள்முதலாக மாற்றியபோது ஒரே விலை வைத்தது: 30 சதவீதம் பழைய கோட்டா விலையில், 70 சதவீதம் கோட்டாவுக்கு மேற்பட்ட விலையில். கோட்டா விலை 1 என்றால் மேல்விலை 1.5, புது விலை 0.3 + 1.05 = 1.35. சராசரியாக அரசுக்கு இதில் பெரிய மாற்றமில்லை. ஆனால் இன்னும் ஒரு மூட்டை கூடுதலாக விளைவிக்கலாமா என்று யோசிக்கும் உழவருக்கு அந்த மூட்டையின் விலை 1.5லிருந்து 1.35 ஆனது, பத்து சதவீத வெட்டு. 1984இல் சுமார் 40.7 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 1985இல் சுமார் 37.9 கோடி டன்னாக இறங்கியது. வானிலையும் வேறு பயிருக்கு மாறியதும் சேர்ந்த விளைவுதான் இது. என்றாலும் உழவர் முடிவெடுப்பது கடைசி மூட்டையின் விலையைப் பார்த்து, சராசரியைப் பார்த்து அல்ல.

இந்தப் படியில் வழக்கமாக இடறும் மூன்று:

உள்ளூர்த் தடைச்சாவடி. விலை ஏறும் ஆண்டில் ஒவ்வொரு மாகாணமும் தன் தானியம் வெளியே போகக் கூடாது என்று லாரியை மறிக்கும். விளையும் இடத்தில் விலை சரியும், உண்ணும் இடத்தில் பறக்கும். போக்குவரத்துச் சுதந்திரம் சட்டத்தில் இருந்தால் போதாது, மறிக்கும் அதிகாரிக்குத் தண்டனையும் அதில் இருக்க வேண்டும்.

நாடெங்கும், ஆண்டு முழுதும் ஒரே விலை. நியாயமாகத் தோன்றும். ஆனால் அறுவடை மாதத்திலும் பஞ்ச மாதத்திலும் ஒரே விலை என்றால் யாரும் கிடங்கு கட்ட மாட்டார்கள். ஆலை வாசலிலும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியும் ஒரே விலை என்றால் யாரும் லாரி வாங்க மாட்டார்கள்.

கடன் சீட்டு. கொள்முதல் மையத்தில் பணம் இல்லாமல் ரசீதை மட்டும் கையில் கொடுப்பது. சீனாவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதற்கு 'வெள்ளைச் சீட்டு' என்றே பெயர் விழுந்தது. உரத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தச் சீட்டை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அறுவடைக்கு ஆறு வாரம் முன்பே கொள்முதல் பணம் மாவட்ட வங்கிக் கிளைக்கு வந்து சேர்ந்ததா என்பதை நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 7: கையிருப்பும் விலை எல்லைகளும்

விலையை விடுவித்த முதல் இரண்டு ஆண்டுகள்தான் ஆபத்தானவை. சீனாவில் ரேஷன் சீட்டு போன 1993ஆம் ஆண்டின் இறுதியிலேயே அரிசி விலை தாவியது. 1994இல் நுகர்வோர் விலை 24 சதவீதம் ஏறியது. மாகாண ஆளுநர்களைத் தானியத்துக்குப் பொறுப்பாக்கிப் பாதிக் கதவை மறுபடி மூட வேண்டியதாயிற்று. கையிருப்பு இருந்தது, ஆனால் எந்த விலையில் யார் அதை அவிழ்ப்பது என்ற விதி தெளிவாக இல்லை.

விதி இப்படி இருக்கலாம்: கீழ் விலை ஒன்று, மேல் விலை ஒன்று. சந்தை கீழ் விலையைத் தொட்டால் அரசு வாங்கும், மேல் விலையைத் தொட்டால் விற்கும், நடுவில் இருக்கும்போது தலையிடாது. அளவு பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மாத நகர நுகர்வு போதும். துறைமுகம் இல்லாத நாட்டுக்குக் கப்பல் வந்து சேரும் காலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு எல்லைகளுக்கும் இடைவெளி எவ்வளவு? முதல் படியின் கணக்குக்குத் திரும்புங்கள். ஆறு மாதம் வைத்திருக்க ஆகும் செலவு: கிடங்கு 900, வட்டி 1,200, கழிவு 400, மொத்தம் 2,500. இருபதாயிரத்தில் 12.5 சதவீதம். இடைவெளி இதைவிடக் குறைவாக இருந்தால் எந்த வியாபாரியும் ஒரு மூட்டைகூட வைத்திருக்க மாட்டார். நாட்டின் முழு அறுவடையும் அரசின் கிடங்கு வாசலில் வந்து நிற்கும். 25 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள். நகர்ப்புற அமைச்சர்கள் பத்து கேட்பார்கள்.

கீழ் விலையை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போனால் இன்னொரு விபத்து. சீனா மக்காச்சோளத்துக்கு 2008 முதல் தற்காலிகக் கையிருப்பு விலை வைத்து ஏற்றிக்கொண்டே வந்தது. உலக விலை இறங்கியபோது உள்நாட்டு விலை மேலேயே நின்றது. மக்காச்சோள இறக்குமதிக்குக் கோட்டா இருந்ததால், தீவன ஆலைகள் கோட்டா இல்லாத பார்லியையும் சோளத்தையும் கப்பல் கப்பலாக இறக்கின. உள்நாட்டு மக்காச்சோளம் கிடங்கில் மலை போலக் குவிந்தது. 2016இல் அந்த முறையைக் கைவிட்டு, சந்தை விலையும் நேரடி மானியமும் என்று மாறினார்கள். ஒரு தானியத்துக்கு விலை வைக்கும்போது அதற்குப் பதிலாக எதையெல்லாம் மாடும் கோழியும் தின்னும் என்று பட்டியல் போடாமல் வைக்கக் கூடாது.

படி 8: உழவர் மானியத்தைத் தானியத்திலிருந்து பிரிப்பது

மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அதிகம் விற்பவருக்கு அதிகம் போகும், உற்பத்தியும் கோணலாகும். பழைய பரப்பளவுப் பதிவை வைத்து ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எந்தப் பயிர் என்பதை உழவரே முடிவு செய்வார். உலக வர்த்தக அமைப்பின் கணக்கிலும் உற்பத்தியோடு ஒட்டாத உதவிக்கு வரம்பு இல்லை. விலை ஆதரவுக்கு வரம்பு உண்டு, வளரும் நாடுகளுக்கு அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம், சீனா சேரும்போது ஒப்புக்கொண்டது 8.5.

நடைமுறையில் சிக்கல் ஒன்றுதான்: பதிவேட்டில் இருப்பவர் ஒருவர், உழுபவர் இன்னொருவர். மானியம் பதிவுக்காரருக்குப் போனால் குத்தகைதாரருக்கு எதுவும் மிஞ்சாது, குத்தகையும் ஏறும். குத்தகை ஒப்பந்தத்தை ஊர் அளவில் இரண்டு பக்கத்தில் பதிவு செய்ய வழி செய்துவிட்டு, பிறகு பணம் போடுங்கள்.

வாரா வாரம் பார்க்க வேண்டியவை

விலையேற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு சிறு குழு வாரம் ஒரு பக்க அறிக்கை தர வேண்டும். கிடங்கு வாசல் விலை, நகரச் சில்லறை விலை, இரண்டுக்கும் உள்ள இடைவெளி. இடைவெளி திடீரென்று விரிந்தால் சாலையில் யாரோ மறிக்கிறார்கள், அல்லது அரவையில் யாரோ ஒருவர் மட்டும் இருக்கிறார். மலிவுத் தரம் கடைகளில் உண்மையில் இருக்கிறதா என்று கடைக்குப் போய்ப் பார்ப்பது. விலைப்பட்டியலைப் பார்த்து எழுதக் கூடாது. ஈட்டுத்தொகை எத்தனை குடும்பத்துக்கு வரவில்லை என்ற எண். கழகத்தின் வங்கிக் கடன் நிலுவை. விலை ஏறிய பிறகும் இந்தக் கடைசி எண் வளர்ந்துகொண்டே இருந்தால், முதல் படியில் போட்ட கணக்கில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த வரியைக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த தவணையை அறிவிக்காதீர்கள்.